ஆடி மாதத்துச் சாவி

ஒரு மாதம் முழுக்க ஒரு வீட்டின் சாவி என் கைப்பையில் இருந்தது. அந்த ஒரு மாதத்தில் ஒரு தடவைகூட நான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஆடி மாதம், அவ்வளவுதான். இதை இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களில் பாதிப் பேர் ஆடியில் ஒரு ஸ்டூல் வாங்கக்கூட யோசிப்பவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கும்மிடிப்பூண்டியில் நெல் வயல்களை மண் கொட்டி மேடாக்கித் தொழிற்சாலைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி எழும்பிய ஒன்றின் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். என் கணவர் மஞ்சள் காமாலையில் போன பிறகு, கல்யாணத்துக்கு முன்பு சும்மா பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்ட டைப்பிங்தான் எனக்குச் சோறு போட்டது. வேலைக்குச் சேர்ந்தபோது என் பெண்ணுக்கு மூன்று வயது. அவளைக் கடம்பத்தூரில் என் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை.

"நீ ஒரு ஊடு பாத்துக்கோ. அப்பறம் வந்து கூட்டிக்கினு போ. அதுவரைக்கும் இது எங்க பொண்ணு," என்றாள் அண்ணி. நல்ல மனதோடுதான் சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தை அன்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

ஞாயிறுதோறும் போவேன். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, அரக்கோணம் பக்கம் போகும் ரயிலுக்காகக் காத்திருந்து, கடம்பத்தூர் போய்ச் சேரும்போது குழந்தை சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள். எழுந்ததும் கொஞ்ச நேரம் என்னை யாரோபோலப் பார்ப்பாள். பிறகு பழகி, மடியில் ஏறி, கதை கேட்கத் தொடங்கும்போது எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிடும். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

கும்மிடிப்பூண்டியில் நான் இருந்தது ஒரு மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. அதில் மூன்று கயிற்றுக் கட்டில். மற்ற இரண்டிலும் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்யும் பெண்கள். அவர்களுக்கு ஷிப்ட். நான் வரும்போது ஒருத்தி தூங்குவாள், இன்னொருத்தி கிளம்பிக்கொண்டிருப்பாள். ஒரே அறையில் மூன்று பேர் இருந்தும் நான் வாய் திறந்து பேசிய நாட்கள் குறைவு. குழந்தையை அங்கே வைத்துக்கொள்ளக் கூடாது என்று மெஸ்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

வீடு தேடாமல் இல்லை. கும்மிடிப்பூண்டியில் காலியாகும் வீடெல்லாம் கம்பெனி ஆட்களுக்கே போய்க்கொண்டிருந்தது. மிச்சம் இருந்த வீட்டுக்காரர்கள் என் நெற்றியைப் பார்ப்பார்கள், பிறகு எனக்குப் பின்னால் யாராவது ஆம்பிளை வருகிறாரா என்று பார்ப்பார்கள், பிறகு "நேத்துதான் பேசி முடிச்சிட்டோமே" என்பார்கள். இந்த மூன்றும் இதே வரிசையில்தான் நடக்கும். ஒரு கட்டத்தில் முதல் பார்வையிலேயே நான் "சரிங்க" என்று திரும்பிவிடுவேன். மிச்சத்தை எதற்குக் கேட்பானேன்?

ஆரம்பாக்கத்தில் அந்த வீடு கிடைத்தது ஆனி மாதக் கடைசியில். நெல் வியாபாரி ஒருவரின் வீட்டுப் பின்கட்டு. ஒரு அறை, ஒரு சமையல் இடம், தனி வாசல், கிணறு பொது. ஓட்டுக் கூரைக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்ததால் தரையில் சதுரமாக வெயில் விழுந்திருந்தது. என் பெண் அதில் உட்கார்ந்து விளையாடுவாள் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். மற்றபடி சுவர் ஈரம் கோத்திருந்ததோ, கரையான் இருந்ததோ, எதையும் நான் பார்க்கவில்லை.

வியாபாரி ஆந்திர எல்லைக்காரர். பேச்சில் பாதி தெலுங்கு கலந்து வரும். என் நெற்றியைப் பார்க்காமல் என் கம்பெனி பெயரைக் கேட்டார். சொன்னேன். "மாசா மாசம் சம்பளம் கரெக்டா குடுக்கறானா?" என்றார். "குடுக்கறாங்க." "அப்ப இன்னா, வந்துடு." எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

அவர் மனைவிதான் நெற்றியைப் பார்த்தவர். கெட்டவர் அல்ல. தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "தப்பா நெனைக்காத கண்ணு. மொதல்ல பால் காய்ச்சறது மட்டும் ஒரு சுமங்கலி கையால நடக்கட்டும். ஒங்க ஊட்டுல யாராச்சும் இருந்தா கூட்டிக்கினு வா. அப்பறம் நீ எப்டி வேணா இரு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இரண்டு வருடம் வீடு தேடியவளுக்கு ரோஷத்தை விழுங்கும் பழக்கம் வந்துவிடும். "எங்க அண்ணி வருவாங்க" என்றேன்.

மூன்று மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்தேன். அதில் என் வளையல்களும் அடக்கம். வியாபாரி பூட்டையும் சாவியையும் என் கையில் தந்தார். "ஆடி பொறக்கப் போவுது. ஆவணி மொத வெள்ளிக்கெழமை வந்து பாலக் காய்ச்சு. டப்பு எங்கியும் ஓடிப் போவாது, ஊடும் எங்கியும் ஓடிப் போவாது," என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அந்த ஆடி மாதம்தான் என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் சந்தோஷமாக இருந்த மாதம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வேலை முடிந்ததும் சில நாட்கள் பஸ் ஏறி ஆரம்பாக்கம் போவேன். பின்கட்டு வாசலைப் பெருக்குவேன். ஜன்னல் கம்பி வழியாக உள்ளே பார்ப்பேன். அடுப்பு எங்கே, டிரங்குப் பெட்டி எங்கே, கொடி எந்த ஆணியிலிருந்து எந்த ஆணிக்கு என்று கண்ணாலேயே வீடு முழுக்கக் குடித்தனம் நடத்துவேன். சாவி பையில் இருக்கும். திறக்க மாட்டேன். ஒரு நாள் வியாபாரி மனைவி எட்டிப் பார்த்து, "இன்னா, ஊட்ட மொறச்சிக்கினு நிக்கிறே? ஆடி முடியட்டும்," என்று கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன். பிறகு இருட்டுவதற்குள் தகரக் கொட்டகைக்குத் திரும்புவேன்.

கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையிடமும் பேசிவைத்தேன். பள்ளி திறந்து மாதங்கள் ஆகியிருந்தாலும், "ஆவணிக்குள்ள கூட்டியாந்துடு, ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடம்பத்தூரில் என் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தரையில் வெயில் சதுரத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அண்ணி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "பால் காய்ச்ச நீங்கதான் வரணும் அண்ணி," என்றபோது, "வராம?" என்றாள். தலை நிமிரவில்லை.

ஆடி கடைசியில் எங்கள் கம்பெனியில் புது இயந்திரம் வந்தது. நாள் முழுக்க டைப் அடித்தும் வேலை முடியாமல் ஓவர்டைம். அந்தச் சில நாட்கள் என்னால் ஆரம்பாக்கம் போக முடியவில்லை.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேரும் போய் இறங்கினோம். அண்ணி தலை நிறையப் பூ வைத்து, கையில் பால் சொம்போடு வந்தாள். நான் அடுப்பும் பாத்திர மூட்டையும் சுமந்தேன். குழந்தை புதுப் பாவாடையில் முன்னால் ஓடினாள். ஓடியவள் வாசலில் நின்றுவிட்டாள்.

கதவு திறந்திருந்தது. என் பூட்டு அங்கே இல்லை. உள்ளேயிருந்து கடுகெண்ணெய் வாசம் வந்தது. முக்காடு போட்ட ஒரு பெண், இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு வெளியே வந்து எங்களைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பையன். நான் ஏதோ கேட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியவில்லை. எனக்கு இந்தி தெரியவில்லை. எங்கள் மூட்டையைப் பார்த்து, வெயிலில் வந்தவர்கள் என்று நினைத்தாளோ என்னவோ, உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் மேல் கோபப்பட முயன்றேன். தண்ணீரோடு நிற்பவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

வியாபாரி முன்கட்டிலிருந்து வந்தார். கொஞ்சமும் கூச்சம் இல்லை. பக்கத்துத் தொழிற்சாலைக்கு வடக்கேயிருந்து ஒரு மேஸ்திரி வந்தாராம். கூடுதல் வாடகையாம். ஒரே நாளில் சாமானோடு வந்து இறங்கிவிட்டாராம்.

"ஆடின்னு சொன்னீங்களே?" என்றேன்.

"அவங்களுக்கு ஆடியெல்லாம் கெடையாதும்மா. மூட்டையோட வந்து நின்னான், நான் இன்னா பண்றது?"

"சாவி எங்கிட்ட இருக்கு!"

"பூட்டு என்னுதுதானே. ஒடச்சிட்டேன்."

இவ்வளவுதான் அவர் சொன்ன நியாயம். அட்வான்ஸைக் கேட்டேன். தருவேன், ஆனால் ஆடி மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் தருவேன் என்றார். அந்த மாதம் பூராவும் வீடு எனக்காகப் பூட்டிக் கிடந்ததாம், நஷ்டமாம். நான் தெருவே கூடும்படி கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் மனைவி மட்டும் கதவோரம் நின்று என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு எதிர் சீட்டில் அண்ணியும் குழந்தையும். சொம்புப் பால் திரிந்துபோயிருந்தது. "போனாப் போவுது, வேற ஊடா இல்ல?" என்று அண்ணி சொன்னாள். சொல்லும்போதே குழந்தையை இழுத்துத் தன் மடியில் அணைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் நான் ஒன்றைப் பார்த்தேன். கல்யாண வீட்டில் பெண் அழைப்பு தள்ளிப்போனால் பெண்ணைப் பெற்றவள் முகத்தில் ஒரு நிம்மதி இருக்குமே, அது. அன்று எனக்கு அவள் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

அடுத்த வாரம் அண்ணன் என்னைத் திருவள்ளூரில் ஒரு வக்கீலிடம் அழைத்துப்போனான். கோயில் தெருவில் வீடு. நெற்றியில் நாமம், மடியில் வெற்றிலைச் செல்லம். அமைதியாகக் கேட்டார்.

"சாவி உங்கிட்டதான் இருந்ததா?"

"ஆமாங்க. ஒரு மாசம்."

"ஒரு நாளாவது உள்ளே போனியோ?"

"ஆடி மாசங்க."

"ஒரு சொம்பு? ஒரு பாய்? விளக்குமாறு? ஏதாவது உள்ளே வெச்சியா?"

"விளக்குமாறு இருந்துச்சு. வெளியில."

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "அடடா. உள்ளே ஒரு ஈயச் சொம்பு இருந்திருந்தாக்கூட அவனால பூட்டை ஒடைச்சிருக்க முடியாதேம்மா. குடியிருக்கறவாளைக் கிளப்பறது அவ்வளவு லேசில்லே. கோர்ட்டுக்கு வந்துதான் கிளப்பணும், வருஷக்கணக்கா ஆகும். குடி போகாதவாளுக்குத்தான் சங்கடம். பணத்தைத் திருப்பிக் கேக்கலாம், அவ்வளவுதான்." பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "உன்னைச் சொல்லிக் குத்தமில்லை. நானே ஆடியிலே குடி போகமாட்டேன்," என்றார்.

எனக்கு அப்போதுதான் வியாபாரி சொன்ன வாடகைப் பிடித்தம் ஞாபகம் வந்தது. "ஏங்க, ஆடி மாசத்துக்கு எங்கிட்ட வாடகை புடிக்கிறான்னா, ஆடி மாசம் நான் அங்க குடியிருந்தேன்னுதானே அர்த்தம்?" என்றேன்.

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணனைப் பார்த்து, "பொண்ணு பொழைச்சுப்பா," என்றார். பிறகு எனக்கு விளக்கினார். வியாபாரி வாடகையைப் பிடித்தால், நான் குடித்தனக்காரி என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக வாதாடலாம். சாவி கையில் இருந்ததும் சேர்த்து, கேஸுக்கு உயிர் உண்டு. வீட்டையே திரும்பக் கேட்கலாம். ஆனால் எத்தனை வருடம் ஆகும் என்று பெருமாளுக்குத்தான் தெரியும். அதுவரை பணமும் வராது. அல்லது இதையே சொல்லி ஒரு நோட்டீஸ் விட்டால், வியாபாரி பயந்துபோய் முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவார். வாங்கிக்கொண்டால், எனக்கும் அந்த வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். "எது வேணும், சொல்லு," என்றார்.

எனக்கு வீடுதான் வேண்டும். அதற்கு வழக்குப் போட வேண்டும். வழக்கு முடிவதற்குள் குழந்தை வளர்ந்துவிடுவாள். வேறு வீடு பார்க்க வேண்டுமானால் பணம் வேண்டும். அதோடு, ஜெயித்தாலும் அந்த முக்காடு போட்ட பெண்ணைக் கைக்குழந்தையோடு தெருவில் இறக்கிவிட்டு நான் உள்ளே போய்ப் பால் காய்ச்ச வேண்டும். "பணமே போதுங்க," என்றேன்.

நோட்டீஸ் போனதும் வியாபாரி முழுப் பணத்தையும் தன் ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். ஒரு பைசா பிடிக்கவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் கை தட்டாத குறை. ஒரு பொம்பளை தனியாக நின்று ஜெயித்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். நான் அன்று கொட்டகையில் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் தூக்கத்தில் புரண்டு படுத்தாள்.

அதற்குள் கடம்பத்தூரில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆவணி போனால் எங்கேயும் சேர்க்க மாட்டார்கள், ஒரு வருடம் வீணாகும் என்று அண்ணன் சொன்னது நியாயம்தான். புரட்டாசியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஐப்பசியில் எனக்கு வீடு கிடைக்கவில்லை. நெற்றி, பின்னால் ஆம்பிளை, நேற்றே முடிந்துவிட்டது. கார்த்திகையும் அப்படியே போயிற்று.

மார்கழியில் கிடைத்தது. எங்கள் கம்பெனியிலேயே வேலை செய்த ஒருவர், ஒரு காலத்தில் இதே நிலங்களில் நாற்று நட்ட குடும்பம், சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள், தங்கள் வீட்டை ஒட்டி ஒரு அறை கட்டியிருந்தார். "மார்கழி ஆச்சே, தையில வர்றியாம்மா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், "இன்னிக்கே வரேன்," என்றேன். அன்று சாயங்காலமே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் ஒரு சொம்பை உள்ளே வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். பாலை நானே காய்ச்சினேன். பொங்கி வழிந்தது. குடிப்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன். முழுவதையும் குடித்தேன்.

அந்த ஞாயிறே கடம்பத்தூர் ஓடினேன். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "முழுப் பரீட்ச முடியட்டுமே. நடுவுல இழுத்துக்கினு போனா படிப்பு கெட்டுடும்," என்றாள். குழந்தை ஸ்லேட்டில் எனக்கு எழுதிக் காட்டினாள். சரி, இன்னும் கொஞ்ச மாதம்தானே என்று திரும்பினேன். ஒருத்தி காத்திருக்கப் பழகிவிட்டால் எல்லோரும் அவளையே காத்திருக்கச் சொல்வார்கள்.

சித்திரையில் கூட்டிவந்தேன். அண்ணி ஒரு பையில் துணிமணியெல்லாம் மடித்து வைத்துக் கொடுத்தாள். ஸ்டேஷன் வரை வரவில்லை, தலைவலி என்றாள். நான் வீட்டில் ஒரு சின்னப் பாய், ஒரு சின்னத் தட்டு, ஆணியில் ஒரு கண்ணாடி அவள் உயரத்துக்கு, எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்திலும் இடம் சொல்லிவைத்தாயிற்று.

அவள் ஒரு தொந்தரவும் செய்யவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. போட்டதைச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். இன்னும் வேண்டுமா என்றால் "போதும்மா" என்றாள். கடம்பத்தூரில் சோற்றுக்கு அண்ணியின் பின்னால் வீடு முழுக்க ஓடி அடம்பிடிக்கும் பெண் அவள். இங்கே பையிலிருந்து ஒரு பாவாடையை எடுப்பாள், மாற்றிக்கொள்வாள், துவைத்து உலர்ந்ததும் மடித்து மறுபடி பையிலேயே வைப்பாள். அலமாரியில் வைக்கச் சொன்னேன். "இருக்கட்டும்மா," என்றாள். பழக நாளாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாள். நான் உள்ளே சோறு வடிக்கத் தட்டு தேடிக்கொண்டிருந்தேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் போன ஒரு பெண், புதிதாகப் பார்க்கும் குழந்தையை விசாரிக்கும் வழக்கத்தில், நின்று கேட்டாள்.

"யாரு ஊட்டுப் பொண்ணும்மா நீ?"

என் பெண் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னாள். "எங்க ஊடு கடம்பத்தூர். லீவுக்கு எங்கம்மா ஊட்டுக்கு வந்துருக்கேன்."

"எப்பக் கெளம்பறே?"

"பள்ளிக்கூடம் தொறந்ததும்."

அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்து என்னிடம் சிரித்தாள். நானும் சிரித்தேன். சோற்றை வடித்தேன். கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு ஆற்றி அவளைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றாள்.

ஜூன் முதல் வாரத்தில் நானே கடம்பத்தூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.